ஓடும்போது வரும் நாள்பட்ட கால்வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடினால் கால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. இது என்ன நோய்?

இதற்கு ஒரே பெயர் கிடையாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலில், பயிற்சியின்போது வந்து ஓய்வில் தணியும் வலி எலும்பிலிருந்து வரலாம், எலும்பைப் போர்த்திய சவ்விலிருந்து வரலாம், தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடுவதால் வரலாம், நரம்போ இரத்தக்குழாயோ நெருக்கப்படுவதாலும் வரலாம். மைதானத்தில் இவை எல்லாவற்றுக்கும் ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’ என்ற ஒரே பெயரை ஒட்டி, ஐஸ் வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வெடுத்தால் இந்த நோய்கள் அனைத்திலும் வலி குறையும் என்பதால் அந்த ஆலோசனை சரியானதுபோலவே தோன்றும். மூன்றாம் வாரம் ஓடத் தொடங்கியதும் வலி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆகவே ஓய்வில் வலி குறைந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வலி ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது, நின்றபின் எவ்வளவு நேரத்தில் போகிறது, விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகள், பல ஸ்கேன்களைவிட அதிகம் சொல்லிவிடும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

ஒரு வாரம் பயிற்சிக் குறிப்பேட்டில் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ‘ஒன்பதாம் நிமிடம் கணைக்காலின் முன்புறம் இறுக்கம், பன்னிரண்டாம் நிமிடம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப்போனது, பதினான்காம் நிமிடம் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் சப்பென்று விழுந்தது, நின்று இருபது நிமிடத்தில் எல்லாம் சரியானது’ என்று ஒருவர் எழுதி வந்தால், தேட வேண்டிய இடம் மருத்துவருக்கு ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதற்கு மாறாக, ‘தொடக்கத்தில் வலித்தது, உடல் சூடானதும் மறைந்தது, ஓடி முடித்தபின் மீண்டும் வந்தது, மறுநாள் காலை படியிறங்கும்போது எலும்போரம் வலித்தது’ என்பது முற்றிலும் வேறொரு நோயின் கதை.

கடந்த மூன்று மாதங்களில் பயிற்சித் தூரம், ஓடும் தரை, காலணி, பயிற்சியாளர் ஆகியவற்றில் எது மாறியது என்பதையும் எழுதுங்கள். இன்னொன்றும் முக்கியம்: நன்கு ஓய்வெடுத்துவிட்டு வந்து பரிசோதனை மேசையில் படுத்திருக்கும் காலில் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. முடிந்தால் ஓடும் காலணியோடு செல்லுங்கள்; மருத்துவமனையிலேயே டிரெட்மில்லில் வலி வரும்வரை ஓடவிட்டு, இறங்கிய உடனே பரிசோதிப்பதே நல்ல முறை.

எலும்பின் உள்ளோரத்தில் வலி. இது ஷின் ஸ்ப்ளின்ட்ஸா, எலும்பில் விரிசலா?

கட்டைவிரலே இதற்கு முதல் கருவி. கணைக்காலின் பெரிய எலும்பான டிபியாவின் உட்புற விளிம்பு தோலுக்கு நேர் கீழே இருப்பதால், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அந்த விளிம்பின் பின்பக்கத்தை ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே போகலாம். எலும்பின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில், தொடர்ச்சியாக 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு வலித்தால், உண்மையான ஷின் ஸ்ப்ளின்ட்ஸாக, அதாவது உட்புற டிபியா அழுத்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாணயம் அளவுள்ள இடத்தில் மட்டும் ‘ஆ’ என்று காலை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால், அந்த இடத்தில் எலும்பு வீங்கித் தடித்திருந்தால், ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னதும் வலி குத்தினால், எலும்பு அயர்வு முறிவை, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசலைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

இவை இரண்டும் தனித்தனி நோய்கள் என்றாலும் ஒரே பாதையில் முன்னும் பின்னும் இருப்பவை என்று கருதுவோரும் உண்டு. எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேலை முதலில் நடக்கும், புதியதைக் கட்டும் வேலை சில வாரங்கள் பிந்தியே முடியும். அந்த இடைவெளியில் சுமையைத் திடீரென ஏற்றினால், கட்டி முடியாத சுவரின்மீது மாடி எழுப்பியதுபோல நுண்விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இதனால்தான் புதிதாகப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கும், விடுமுறைக்குப் பின் விட்ட இடத்திலிருந்தே ஓட முயல்பவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. நீண்ட நடைப்பயணங்களுக்குப் பின் போர்வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைத்தாவுப்ட் 1855-இல் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியானால் முறிவு இல்லை என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. அயர்வு முறிவின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிலருக்குக் கடைசிவரை எதையும் காட்டாமலே எலும்பு கூடிவிடுவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனே இங்கு நம்பத்தக்கது, ஏனெனில் கோடு விழுவதற்கு முன்பே எலும்புறையிலும் மஜ்ஜையிலும் சேரும் நீரை அது காட்டிவிடும். அந்த நீர்க்கோப்பின் பரவலையும் முறிவுக்கோட்டையும் வைத்து 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். தரம் 1 உள்ளவர் சில வாரங்களில் ஓடத் தொடங்கிவிடலாம். தரம் 4 என்றால் நான்கு மாதங்கள்கூட ஆகலாம்.

ஆனால் எம்.ஆர்.ஐ. அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவம் செய்வதும் தவறு. வலியே இல்லாத நெடுந்தூர ஓட்டக்காரர்களின் டிபியாவிலும் லேசான நீர்க்கோப்பு தென்படுவதுண்டு. படத்தில் காணும் இடமும் கட்டைவிரலில் வலித்த இடமும் ஒன்றாக இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

அயர்வு முறிவு என்று உறுதியானால் எல்லாருக்கும் ஒரே சிகிச்சைதானா?

இல்லை, முறிவு எந்தப் பக்கம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓடும்போது டிபியா சற்றே வளைகிறது. பின்புறம் அமுக்கப்படுகிறது, முன்புறம் இழுபடுகிறது. அமுக்கப்படும் பின் உட்புறத்தில் வரும் முறிவு தானாகக் கூடும் இயல்புடையது: ஓட்டத்தை நிறுத்தி, நடக்கும்போதே வலித்தால் சில நாட்கள் ஊன்றுகோல் அல்லது நடைக் காலணி பயன்படுத்தி, வலியின்றி நடக்க முடிந்தபின் நீச்சல், நீருக்குள் ஓடுதல், மிதிவண்டி என்று உடல்திறனைக் காத்துக்கொண்டு, பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக விளையாட்டுக்குத் திரும்பலாம்.

இழுபடும் முன்புறத்தில், எலும்பின் நடுப்பகுதியில் வரும் முறிவு வேறு சாதி. குதித்து இறங்கும் விளையாட்டுகளில் இது அதிகம். எக்ஸ்ரேயில் எலும்பின் முன்விளிம்பில் கருங்கோடாகத் தெரியும் இந்த முறிவு கூடாமலே மாதக்கணக்கில் நிற்கும். அலட்சியப்படுத்தி ஓடினால் எலும்பு முழுவதுமாக ஒடிந்துவிடவும் கூடும். ஆறு மாதம் பொறுத்தும் கூடாதவர்களுக்கு, சில நேரங்களில் போட்டியாளர்களுக்கு அதற்கு முன்பே, எலும்பின் உள்ளே உலோகக் கம்பி செலுத்தும் அறுவை செய்யப்படுகிறது. கணுக்காலின் உட்புற முண்டில் வரும் முறிவும் இதே ஆபத்துப் பட்டியலில் சேரும்.

ஷின் ஸ்ப்ளின்ட்ஸுக்கு என்ன செய்தால் குணமாகும்?

சுமையைக் குறைத்து, பிறகு மெதுவாகக் கூட்டுவதுதான் சிகிச்சை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை. ஓட்டத்தை அறவே நிறுத்தத் தேவையில்லாதவர்களும் உண்டு. ஓடும்போது வலி பத்துக்கு இரண்டு அல்லது மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் முழுவதும் தணிந்தும் இருந்தால், அந்த அளவுப் பயிற்சியைக் கால் தாங்குகிறது என்று கொள்ளலாம். கெண்டைத் தசைக்கும் இடுப்புத் தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் பயன் தரும், குறிப்பாக முழங்காலை மடக்கிக்கொண்டு குதிகாலை உயர்த்தும் பயிற்சி. பாதம் அதிகமாக உள்நோக்கிச் சாய்பவர்களுக்குக் காலணி உள்தட்டு உதவலாம். அதிர்வலை சிகிச்சையும் சிலருக்குப் பலனளிக்கிறது. முன்பே ஒருமுறை வந்தவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வலி நின்ற அன்றே பழைய தூரத்துக்குத் திரும்புவது நல்லதல்ல.

‘தசை அறை அழுத்தம்’ என்று சொல்கிறார்கள். அது என்ன?

கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முன் அறை, வெளிப்புற அறை, மேலோட்டமான பின் அறை, ஆழ்ந்த பின் அறை. ஒவ்வோர் அறையையும் ஃபாசியா என்னும் விரிந்து கொடுக்காத உறை சுற்றியிருக்கிறது. உழைக்கும் தசைக்குள் இரத்தம் பாய்ந்து அதன் பருமன் கூடும்போது, உறை இடம் கொடுக்காததால் உள்ளழுத்தம் ஏறி, நரம்பும் நுண்குழாய்களும் நெருக்கப்படுகின்றன. வலியின் துல்லியமான காரணம் இன்னும் விவாதத்தில் இருந்தாலும், நோயின் நடத்தை கடிகாரம்போல ஒழுங்கானது: ஏறக்குறைய அதே நிமிடத்தில் அல்லது அதே தூரத்தில் தொடங்கும், ஓட ஓடக் கூடும், நின்றால் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் போய்விடும். பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். முன் அறையே அதிகம் பாதிக்கப்படுவது. அப்போது முதல் இரண்டு விரல்களின் இடுக்கில் மரப்பும், பாதத்தைத் தூக்குவதில் தளர்ச்சியும் காணலாம். ஆழ்ந்த பின் அறை என்றால் உள்ளங்கால் மரக்கும்.

சிலருக்கு ஓடி முடித்ததும் கணைக்காலின் வெளிப்புறத்தில் தசை ஒரு சிறு முண்டாகப் புடைக்கும். உறையில் உள்ள ஓட்டை வழியே தசை பிதுங்குவது அது. அசிங்கமாக இருக்கிறது என்று அந்த ஓட்டையைத் தைத்து மூடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் அது: அழுத்தம் வெளியேறும் ஒரே வழியை அடைத்தால், அவசர நிலை உருவாகலாம்.

அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்? மிகவும் வலிக்குமா?

தோலை மரக்கச் செய்து, அழுத்தமானியோடு இணைந்த ஊசியை அறைக்குள் செலுத்தி முதலில் ஓய்வில் அளப்பார்கள். பிறகு டிரெட்மில்லில் உங்கள் வழக்கமான வலி வரும்வரை ஓட வேண்டும். நின்ற ஒரு நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் மீண்டும் அளக்கப்படும். 1990-இல் வெளியான அளவுகோலே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: ஓய்வில் 15, ஓடி நின்ற ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20 மில்லிமீட்டர் பாதரசம், இவற்றுள் ஒன்றையேனும் எட்டினாலோ தாண்டினாலோ நோய் இருப்பதாகக் கொள்வர். ஊசி குத்தும்போது வலி இருக்கும். இரத்தக்கசிவும் தொற்றும் அரிதாக நேரலாம். இரண்டு கால்களிலும் எல்லா அறைகளையும் குத்தி அளக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வலியும் மரப்பும் சுட்டும் அறையை மட்டும் அளந்தால் போதும்.

இந்த எண்களை மட்டும் நம்புவதும் ஆபத்து. நலமான ஓட்டக்காரர்கள் சிலருக்கும் இந்த எல்லைகள் தாண்டப்படுகின்றன. ஊசியின் ஆழமும் காலை வைத்திருக்கும் நிலையும்கூட அளவை மாற்றிவிடும். ஓடும்போது வலியே வரவில்லை என்றால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

தசை அறை அழுத்த நோய்க்கு அறுவை தவிர்க்க முடியாததா?

முன்பெல்லாம் ‘ஓட்டத்தை விடு, இல்லையேல் உறையைக் கிழி’ என்ற இரண்டு வழிகளே சொல்லப்பட்டன. இப்போது ஓடும் முறையை மாற்றிப் பார்ப்பது முதல் படியாகிவிட்டது. குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுபவருக்கு, பாதத்தைத் தரையில் அடக்கி இறக்குவதற்காக முன் அறைத் தசை ஒவ்வோர் அடியிலும் கடுமையாக உழைக்கிறது. அடியின் நீளத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளைக் கூட்டி, பாதத்தின் முன்பகுதி முதலில் படும்படி ஓடக் கற்றால் அந்த உழைப்பு குறைகிறது. 2012-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 10 பேர் ஆறு வாரம் இவ்வாறு பயிற்சி பெற்றனர். ஓராண்டு கழித்தும் அவர்களில் ஒருவருக்கும் அறுவை தேவைப்படவில்லை. பத்துப் பேரை வைத்து உலகுக்கே விதி எழுத முடியாது என்றாலும், அறுவைக்கு முன் இதை முயன்று பார்க்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை. ஆனால் இம்முறை சுமையைக் கெண்டைத் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாற்றுகிறது. ஆகவே பின் அறை நோயுள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

அது பலிக்காதபோது, உறையை நீளவாக்கில் திறந்துவிடும் ஃபாசியாட்டமி செய்யப்படுகிறது. சில நாட்களில் நடக்கலாம், இரண்டு மாத அளவில் ஓடத் தொடங்கலாம், மூன்று மாத அளவில் பலர் விளையாடத் திரும்புகின்றனர். முன் அறைக்கும் வெளிப்புற அறைக்கும் பலன் நன்றாக இருக்கிறது. ஆழ்ந்த பின் அறைக்கு அப்படிச் சொல்ல முடியாது, இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். கணுக்காலுக்குச் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் மேலே உறையைத் துளைத்து வெளிவரும் மேலோட்டமான பெரோனியல் நரம்பு வெட்டுப்படாமல் காப்பதே அறுவையாளரின் முக்கியக் கவலை.

அழுத்தச் சோதனை இயல்பாக இருக்கிறது, ஆனாலும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. வேறு என்ன இருக்கலாம்?

முழங்காலின் பின்புறம் செல்லும் பாப்லிட்டியல் தமனி நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறவியிலேயே தமனியோ கெண்டைத் தசையின் உட்புறத் தலையோ இடம் மாறி அமைந்தவர்களுக்கு, ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் குழாய் நசுங்குகிறது. 1879-இல் எடின்பரோவில் ஸ்டூவர்ட் என்ற மருத்துவ மாணவர், வெட்டியெடுக்கப்பட்ட ஒரு காலை அறுத்து ஆராயும்போது இந்த அமைப்பைக் கண்டு எழுதினார். 1959-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் 12 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலாக இது கண்டறியப்பட்டு அறுவை செய்யப்பட்டது. அமைப்பில் குறையே இல்லாமல், பருத்த தசையால் மட்டும் தமனி நெருக்கப்படுவோரும் விளையாட்டு வீரர்களில் உண்டு.

மேடேறும்போது அதிகமாகும் கெண்டைக்கால் வலி, பாதம் குளிர்ந்து வெளிறுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஓய்வில் கணுக்கால் நாடி நன்றாகத் துடிப்பதால் ஏமாந்துவிடக் கூடும். ஓடி முடித்தவுடன் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தியபடி இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பது வழக்கம், ஆனால் நலமானவர்களிலும் பலருக்கு அப்போது தமனி நசுங்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அமைப்புக் குறை உறுதியானால் அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. மீண்டும் மீண்டும் நசுங்கிய தமனியின் சுவர் கெட்டு, உள்ளே இரத்தம் உறைந்துவிடலாம்.

நரம்பால் வருவதை எப்படி அறிவது?

எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தட்டினால் பாதத்தின் மேற்புறம்வரை ஓடும் சுணைப்பு ஆகியவை நரம்பைச் சுட்டும். முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் வலியையும் மறக்கக் கூடாது. இடுப்பு வலியோ தும்மும்போது கால் வலியோ உண்டா என்று கேட்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

வீராங்கனைகள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மாதவிடாய் நின்றுபோயிருந்தாலோ ஒழுங்கு தவறியிருந்தாலோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது உடல் இனப்பெருக்கத்தையும் எலும்பு கட்டுவதையும் சிக்கனப்படுத்துகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்கு விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டது. கருத்தடை மாத்திரை உட்கொள்பவருக்கு மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு இயல்பான சுழற்சிக்குச் சான்று ஆகாது. ஆண்களுக்கும், குறிப்பாக எடை குறைக்கும் விளையாட்டுகளில் உள்ளவர்களுக்கும், இதே நிலை வருகிறது. அவர்களிடம் கேட்பாரில்லை என்பதே வேறுபாடு. அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்த இளம்பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாள்தோறும் 2000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் பெற்ற குழுவில் அயர்வு முறிவுகள் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தன. இரண்டாம் முறை எலும்பு முறிந்தவருக்கு உணவு, இரத்தம், எலும்பின் அடர்த்தி மூன்றையும் ஆராயாமல் கட்டுப்போட்டு அனுப்புவது பாதி வைத்தியம்.

எந்த அறிகுறி தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நின்ற பிறகும் கூடிக்கொண்டே போகும் வலி, பாதவிரலை யாரேனும் மெல்ல அசைத்தாலே தாங்க முடியாத வலி, கல்போல் இறுகிய கால் ஆகியவை திடீரென வரும் தசை அறை அழுத்த நோயாக இருக்கலாம். சில மணி நேரத்தில் தசை அழிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சிரையில் இரத்த உறைவை ஐயுற வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலியும், அடிபடாமலே வரும் காய்ச்சலோடு கூடிய வலியும் பயிற்சியின் கணக்கில் எழுதப்படக் கூடாதவை.

மூன்று வாரத்தில் போட்டி இருக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

எந்த நோய் என்பது தெரியாதவரை விடை ‘கூடாது’ என்பதே. ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், பயிற்சியைக் குறைத்துக்கொண்டு போட்டியில் ஓடிவிட்டு, அதன்பின் ஓய்வெடுப்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய சமரசம். நாள்பட்ட தசை அறை அழுத்த நோயில் வலி வந்ததும் நின்றுவிட்டால் பொதுவாக நிலையான சேதம் நேர்வதில்லை. மாத்திரையால் அந்த வலி குறைவதும் இல்லை. எலும்பு முறிவில் மாத்திரை செய்வது ஒன்றே ஒன்று: நிற்கச் சொல்லும் குரலை அடக்கிவிடும். டிபியாவின் முன்புறத்தில் கருங்கோடு தெரிந்த ஒருவரை எந்தப் போட்டிக்காகவும் ஓடவிடக் கூடாது. பயிற்சியாளர் வற்புறுத்தினால், அந்த எக்ஸ்ரே படத்தை அவரிடமே வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.